முதலில் ஏறிப் பார்ப்பவர்

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தி உட்கார்ந்து கம்பிவடத்தைத் துடைக்கும்போதும் அவர் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை. ரோஜா நிறக் கம்பளித் தொப்பி, இரண்டு பக்கமும் பூனைக் காது. அவருடைய பெரிய தலையில் அது பாதிக்குமேல் இறங்க மறுத்தது. காலையில் நேராகப் போட்டிருந்ததை மதியம் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர், கிரீஸ் படிந்த கை, முறுக்கு மீசை, அதற்குமேல் பூனைக் காது. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். கேட்டுவிட்டேன்.

"தையல் உறுத்துது சார். உச்சந்தலைல ஒரு முடிச்சு இருக்கு பாருங்க, அதான். முடி இருந்தா தெரியாது." சொல்லிக்கொண்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். உச்சியில் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு மழித்திருந்தார். மற்ற இடமெல்லாம் அடர்ந்த முடி. "திருப்பிப் போட்டா உறுத்தல. ஆனா பூனை காணாமப் போயிடுது. அதுக்கு எங்க சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டாங்க."

சூப்பர்வைசர் என்பது அவருடைய மகள். ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. கழுத்தைப் பின்னால் சாய்த்து மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இதையும் சொன்னார். 

எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு நோயாளி. நான் குடியிருப்பது மேல்மாடி. எனக்கு முழங்கால் சொன்ன பேச்சு கேட்காது. ஆகவே மாமன் மச்சானைவிட இந்த லிஃப்ட் மெக்கானிக்தான் எனக்கு நெருங்கிய உறவு. அவர் வேலை செய்வதைப் பல தடவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழுது நீக்கி முடித்ததும் எல்லாரையும் விலகச் சொல்வார். தனியாக ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, பெட்டியின் தளமும் மாடித் தளமும் சமமாக இருக்கின்றனவா என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தால் தடவிப் பார்ப்பார். அதுவரைக்கும் வீட்டுச் சொந்தக்காரரே வந்தாலும் படிக்கட்டுதான். விழுந்துவிடும் என்று பயமா என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன்.

"விழாது சார். நான் ஏறாத லிஃப்ட்ல அடுத்தவங்களை ஏத்துறதில்ல, அவ்வளவுதான். எந்த இடத்துல குலுங்கும், எந்த மாடில சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லிட்டா யாரும் பயப்பட மாட்டாங்க. சொல்லணும்னா நான் போய்ட்டு வந்திருக்கணும்ல?"

தொழிலில் இருந்த இந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. மகளுக்கு என்னென்ன செய்கிறார்களோ அதையெல்லாம் தனக்கு முதலில் செய்துகொண்டுவிடுவார். ஊசிக் குழாயைக் கையோடு சேர்த்து ஒட்டும் பிளாஸ்திரி வகைகளைத் தன் முழங்கைமேல் வரிசையாக ஒட்டி, சிலவற்றை வெடுக்கென்றும் சிலவற்றை எண்ணெய் தடவி மெதுவாகவும் பிய்த்துப் பார்த்தார். அந்தக் கையில் இப்போது முடியே கிடையாது. ஊசி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரத்த தானத்துக்குப் போனார். "உனக்குப் போடுறது குட்டி ஊசி. அப்பாவுக்குப் போட்டது அதுக்குத் தாத்தா" என்று மகளிடம் தழும்பைக் காட்டினார். கசப்பு மாத்திரையில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு அறிக்கை வரும்: "வாயில போட்டதும் கசக்காது பாப்பா. கொஞ்சம் பொறுத்துத்தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள முழுங்கிட்டேன்னா அது ஏமாந்துடும்."

அவள் மாத்திரையை ஏமாற்றிவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டுவாளாம்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். வாசலிலேயே வாளித் தண்ணீரும் சோப்பும் இருந்தன. அவருடைய மனைவி ஒரு பேக்கரியில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தவர். மகளுக்காக வேலையை விட்டுவிட்டு இப்போது நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் பழத்தோல் சீவுவதுமாக இருக்கிறார். நான் கை கழுவியதும், "விரல் இடுக்குல போட்டீங்களா சார்? காட்டுங்க" என்றார். காட்டினேன். திருப்தி இல்லை, மறுபடியும் அனுப்பினார். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு பணிந்ததில்லை.

கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள் சூப்பர்வைசர். மருந்தால் கன்னம் உப்பி, புருவம்கூட உதிர்ந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. தலையில் பூனைத் தொப்பி. காது வெளியே, முடிச்சையும் காணோம். அம்மா பிரித்துத் தைத்திருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் லிஃப்ட் மாமாவா?" என்றாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க சார்" என்றார் மனைவி, கணவரைக் காட்டி. "சின்னது சொன்ன பேச்சு கேக்கும். பெருசுதான் அடங்காது. புதுசா ஒரு மாத்திரை குடுத்தாங்க. வெறும் கையால தொடக்கூடாது, உறை போட்டுத்தான் எடுக்கணும்னு சிஸ்டர் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புறாங்க. இந்த மனுஷன் பஸ் ஸ்டாப்லயே நக்கிப் பாத்துட்டாரு. அடுத்த தடவை போனப்போ அதை டாக்டர்கிட்டயே பெருமையா சொல்றாரு!"

"பெருமையா இல்ல" என்றார் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு. "ருசி என்னன்னு சொன்னேன்."

டாக்டர் அம்மையார் சிரிக்கவில்லை. அது குழந்தைக்கு மருந்து, உங்களுக்கு விஷம், இனிமேல் செய்தால் மாத்திரையை வீட்டுக்கே தரமாட்டேன் என்று வறுத்தெடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு மாத்திரை விஷயத்தில் அவர் வாலைச் சுருட்டிக்கொண்டார். மற்ற விஷயங்களில் இல்லை. விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் எந்த வலியும் முதலில் அப்பாவிடம் போய்விட்டுத்தான் தன்னிடம் வரும் என்று அவள் நம்பியிருந்தாள்.

முதுகில் போடும் ஊசிக்கு அழைத்துப் போன அன்று அது தெரிந்தது. அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது, பேருந்துக் கூட்டம் வேண்டாம் என்று என் பழைய காரில் கூட்டிப் போனேன். முன்பு இந்த ஊசியை மயக்க மருந்து கொடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவளுக்கு எதுவும் நினைவில்லை. இந்தத் தடவை சளி பிடித்திருந்தது. மயக்கம் கொடுக்க டாக்டர் யோசித்தார்.

"மரத்துப்போற களிம்பு தடவியே போட்டுடலாம். ஆனா ஆடாம அசையாம சுருண்டு படுக்கணும். ஆடினா ஊசி தப்பிடும், மறுபடியும் குத்தணும். தள்ளிப்போடவும் எனக்கு மனசில்ல. நோய் தலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்காம இருக்கத்தான் இந்த மருந்தே."

நாங்கள் தலையாட்டினோம். களிம்பைத் தடவி, அது ஊறும்வரை காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது சூப்பர்வைசர் நகரவில்லை.

"முதல்ல அப்பா" என்றாள்.

சிஸ்டர் கொஞ்சினார், டாக்டர் விளக்கினார். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. வரிசையில் தனக்கு முன்னால் நிற்பவருக்கு வழிவிடுகிறவள்போல நின்றாள். "அப்பா போய்ட்டு வந்து சொல்லுவாரு. அப்புறம் நான்." பிடித்து அமுக்கிப் போடலாம்தான், ஆனால் அப்படிப் போட்டால் இனி வரும் ஊசிக்கெல்லாம் இவளைத் தூக்கிக்கொண்டு வரத்தான் முடியும் என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். மெக்கானிக் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். தானே கட்டிய கூண்டில் தானே மாட்டிக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மனைவி அவரை ஓரமாக இழுத்தார். "உள்ள போய்ட்டு வாங்க. முதுகுல ஒரு பஞ்சு வச்சு ஒட்டிக்கிட்டு வந்து, போட்டாச்சு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்னு சொல்லுங்க. அவ்வளவுதானே?" எனக்கும் அதுவே நல்ல யோசனையாகப் பட்டது. சிஸ்டரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மெக்கானிக் திரைக்குப் பின்னால் போனார். போய்விட்டு வந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகெலும்பின்மேல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வலிச்சுதாப்பா? எந்த இடத்துல ஆரம்பிக்குது?"

வழக்கமான கேள்விதான். மனைவி பின்னாலிருந்து கண்ணால் உந்தினார். மெக்கானிக் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பஞ்சைப் பிய்த்தெடுத்தார்.

"போடல பாப்பா. சும்மா ஒட்டிக்கிட்டு வந்தேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தாரே! ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்ல வக்கில்லையா இந்த மனுஷனுக்கு!" அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் கோபம்தான். உயிர் போகிற விஷயத்தில் என்ன அரிச்சந்திர வேஷம் என்று நினைத்தேன். குழந்தையின் உதடு பிதுங்கத் தொடங்கியது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "இந்த ஊசி அப்பாவுக்குப் போட மாட்டாங்க. கேட்டுப் பாத்துட்டேன். எப்படி இருக்கும்னு அப்பாவுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, அவங்க போட்டுத்தான் பழக்கம், போட்டுக்கிட்டதில்ல. அம்மாவுக்கும் தெரியாது."

"லிஃப்ட் மாமாவுக்கு?"

"எனக்கும் தெரியாதும்மா" என்றேன். இவ்வளவு கேவலமாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"போய்ட்டு வர்றவங்களுக்குத்தான்." அவர் அவள் பாதத்தைத் தொட்டார். "நான் கூட வருவேன். காலைப் பிடிச்சுக்குவேன். ஆனா உள்ள எப்படி இருக்குன்னு நீதான் சொல்லணும்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, டாக்டர்கூட. பிறகு தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே நாங்கள் இருவர். தாய் அந்தத் தொப்பியைப் பிசைந்துகொண்டே இருந்தார். முதலில் டாக்டரின் முணுமுணுப்பு கேட்டது. பிறகு, லிஃப்ட் கிணற்றுக்குள்ளிருந்து மெக்கானிக் மேலே குரல் கொடுப்பதுபோல, ஒரு சின்னக் குரல்.

"ஜில்லுன்னு இருக்கு!"

"சரி!" என்றது அவர் குரல்.

"யாரோ அமுக்குறாங்க!"

"சரி! அமுக்குறாங்க!"

அடுத்தது வீறிட்ட அழுகை. தாய் என் கையைப் பற்றிக்கொண்டார், நகம் பதிந்தது. அழுகைக்கு நடுவிலேயே அந்தக் குரல் திக்கித் திக்கி வந்தது: "காலு... காலுக்குள்ள மின்சாரம் வருது அப்பா!" அதற்கு மட்டும் உள்ளிருந்து சரி என்ற பதில் வரவில்லை. டாக்டர்தான் சொன்னார், "கெட்டிக்காரி, ஆடவே இல்ல. முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு."

ஊசிக்குப் பிறகு தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். நாங்கள் உள்ளே போனபோது அவள் அப்படித்தான் கிடந்தாள். கண்ணோரத்தில் ஈரம் காயவில்லை. தாய் அவள் மொட்டைத் தலையைத் தடவி, கணவரைப் பார்க்காமலே அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். அவர் குடிக்கவில்லை. முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அப்பா, திரும்பி உக்காரு" என்றாள்.

அவர் கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தார். "சட்டை" என்றாள். சட்டையைத் தூக்கினார். தலையைத் தூக்கக்கூடாது என்பதால் கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டி, அவருடைய முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே கீழே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்கதான். முதல்ல வலிக்காது. அப்புறம் இப்படி."

கட்டைவிரலால் பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். அவர் தோள் இரண்டும் குலுங்கின. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் அழுதார். விரலை எடுத்தவள், அந்த இடத்தை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துவிட்டாள்.