எந்த ஊர் என்ற கேள்வி

மாணவர்களுக்கு முன்னால் திறந்த அறிவியலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. என்ன தேடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், சேர்த்த தரவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும், யாரும் திரும்பக் கணக்குப் பார்த்து நம்மைப் பிழை பிடிக்கலாம் என்று முழங்குவேன். முகாமைத்துவத் துறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஆய்வுகளை நம்பி ஏமாந்தது போதும் என்ற கோபம் எனக்கு நிறைய உண்டு. என் கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டு, இனித் தரவை வெளியிடுங்கள் என்று கேட்டபோதுதான் அந்தப் பேச்செல்லாம் என்னிடமே திரும்பி வந்தது.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் செய்த ஆய்வு அது. மேலே உள்ளவர்களிடம் சொல்ல வேண்டியதைத் தொழிலாளர்கள் ஏன் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்று பார்க்கப் போனேன். வினாக்கொத்தில் பெயர் கேட்கவில்லை. ஆனால் முதல் கேள்வியாக 'எந்த ஊர்?' என்று போட்டிருந்தேன். வன்னியில் அதைக் கேட்காமல் யாரும் கதை தொடங்குவதில்லை; கேட்காவிட்டால்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கடைசியில் என் முடிவும் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருந்தது. தூர ஊர்களிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர்களே அதிகம் வாயை மூடியிருந்தார்கள். இந்த வேலை போனால் அவர்களுக்குக் கிட்டடியில் வேறு வேலை இல்லை.

தரவைப் பதிவேற்றுவதற்கு முன் கணினியில் திறந்து வைத்திருந்தேன். தேநீர் கொண்டுவந்த என் தங்கை முன்பு அதே தொழிற்சாலையில் தைத்தவள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பூநகரி, தையல் பிரிவு, நாற்பது வயதுக்கு மேல் என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"இது பஸ்ஸிலை முதல் ஏறுற அக்கா எல்லோ?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பூநகரியிலை இருந்து அந்தப் பிரிவுக்கு அவா ஒராள்தானே வாறவா. சூப்பவைசருக்கும் தெரியும்."

பஸ் பிந்தி வந்தாலும் தன்னைத்தான் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவைத்து சூப்பவைசர் ஏசுகிறார் என்று அதே வரியில் அந்த அக்கா எழுதியிருந்தார். அதைத்தான் உலகத்துக்குத் திறந்துவிட இருந்தேன். ஊரை அப்படியே விட்டால் அவருடைய வேலை போகும். ஊரை எடுத்தால் என் முடிவை ஒருவரும் சரிபார்க்க முடியாது. 'என்னை நம்புங்கள்' என்று சொல்லும் ஆய்வாளர்களை வகுப்பில் வைத்துக் கிழிகிழி என்று கிழித்தவள் நான்.

அவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அதற்கும் பயந்தேன். வீடு தேடிப் போனால், ஒரு புதுமுகம் வந்துபோன கதை மறுநாள் காலையில் அவருக்கு முன்னமே பஸ் ஏறிவிடும். தங்கை தொலைபேசியில் கதைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரந்தன் சந்தியில் சந்திக்க ஒழுங்கு செய்தாள்.

அந்த அக்கா சந்தைப் பையோடு நின்றார். தரவு, இணையம், சூப்பவைசர் என்று நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். முடிக்கவே விடவில்லை.

"ஓம், போடுங்கோ."

"உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?"

"பயம்தான். ஆனா நீங்கள் மினக்கெட்டு வந்து கேக்கிறியள். எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

அனுமதி கேட்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டு நானும் இன்னொரு சூப்பவைசராகத்தான் அவருக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

"இல்லையக்கா, போடமாட்டன். ஊரையும் நீங்கள் எழுதினதையும் எடுத்துப்போட்டுத்தான் குடுப்பன். ஏனெண்டு சஞ்சிகைக்காரருக்கு எழுதுவன். அவை ஏற்காட்டி அந்தக் கட்டுரை வேண்டாம்."

நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். பூநகரி பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பையைத் தூக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்ப நான் எழுதினது பிழையோ?"

"இல்லையக்கா. சரிதான்."

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் கேட்டபடியால் எழுதினனான்," என்றார். "இப்ப நீங்களே அதை எடுக்கிறியள்."

பஸ் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.