நான்கு விநாடி குறைக்கப் போய்…

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனால் ஒரு பெரிய மேய்ச்சல் நிலம் வரும். பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிறவர்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இதில் பைத்தியம். நாலடி உயர ராக்கெட் ஒன்றை மூன்று மாதமாக ஒட்டி, தேய்த்து, மாம்பழ மஞ்சளில் பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். அதை மேலே தள்ளும், பட்டாசுபோல மருந்து அடைத்த மோட்டாரைப் பெரியவர்கள்தான் வாங்கலாம், கையெழுத்துப் போடலாம். கணவருக்கு டெக்சாஸில் வேலை என்பதால் அந்தப் பெரியவர் நான்.

மோட்டார் எரிந்து முடிந்ததும் பாராசூட் வந்துவிடாது. உள்ளே ஒரு மருந்துத் துண்டு சில விநாடிகள் எரியும். அதற்குள் ராக்கெட் உச்சிக்குப் போய் வேகம் அடங்கிவிடும். அப்போதுதான் சின்னதாக ஒரு வெடி, பிறகு பாராசூட். எங்கள் மோட்டாருக்குப் பத்து விநாடி. மகளின் கணக்குப்படி ஆறு போதும். மருந்தைக் கொஞ்சம் சுரண்டி நேரத்தைக் குறைக்கலாம், ஆனால் மோட்டார் கம்பெனி விற்கும் கருவியால் மட்டும்தான் என்று குறிப்புத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கருவியை ஆர்டர் செய்ய வேண்டியவள் நான். மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து ஆர்டர் செய்தால், செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றது இணையக் கடை.

அடுத்த மாதம் போயிருக்கலாம். ஆனால் நம் கை சும்மா இருக்குமா? குக்கர் கைப்பிடியிலிருந்து கார் கண்ணாடி வரை எதையாவது வைத்து அட்ஜஸ்ட் செய்தே பழகியவள் நான். கொலுப் படி செய்ய வாங்கிய டிரில் கிட் கராஜில் இருந்தது. அதில் ஒரு முனையை எடுத்து, சாம்பாருக்கு உப்புப் போடுகிற அதே கண்திட்டத்தில் சுரண்டினேன். இத்தனைக்கும் நான் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் இருப்பவள். ஆபீஸில் யாராவது ஒரு படியைத் தாண்டினால் ஊரைக் கூட்டிவிடுவேன்.

"அம்மா, தட்ஸ் நாட் அலவ்ட்" என்றாள் மகள்.

"எல்லாம் ஒண்ணுதான்டி. பேசாம இரு."

மறுநாள் களத்தில், அகலத் தொப்பி போட்ட ஒரு அமெரிக்கப் பெண்மணி ஒவ்வொரு ராக்கெட்டையும் சோதித்து அனுமதித்துக்கொண்டிருந்தார். நேரத்தை எதனால் குறைத்தீர்கள் என்று கேட்டார். கம்பெனிக் கருவியால் என்று கண் இமைக்காமல் சொன்னேன். ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் நிரப்பித் தர வேண்டிய அட்டையில் அப்படியே எழுதியும் கொடுத்தேன். மகள் குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே இன்னொரு விதி உண்டு. ஒலிபெருக்கியில் 'ஹெட்ஸ் அப்', அதாவது மேலே கவனம், என்று கேட்டால், வாயில் சோறு இருந்தாலும் எல்லோரும் எழுந்து நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து மகள் ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். நான் எலுமிச்சை சாதத்தோடு உட்கார்ந்தபடியே, "இது என்ன ஸ்கூல் ப்ரேயரா?" என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

எங்கள் முறை வந்தது. மஞ்சள் ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. இன்னும் முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று பாராசூட் வெளியே வந்துவிட்டது. நான் அளவுக்கு மேல் சுரண்டியிருக்கிறேன். இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து, ராக்கெட்டின் மூக்குப் பகுதி மட்டும் பாராசூட்டோடு மிதந்து போனது. அதைப் பார்த்த மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

'ஹெட்ஸ் அப்! ஹெட்ஸ் அப்!'

அழுதுகொண்டே எழுந்தாள். மேலே பார்த்தாள். என் கையைப் பிடித்து ஒரே இழு. மோட்டாரின் கனத்தோடு விழுந்த உடல்பகுதி, அவள் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியின் துணியைக் கிழித்துக்கொண்டு தரையில் குத்தி நின்றது. எலுமிச்சை சாதம் புல்லெல்லாம் சிதறிக் கிடந்தது.

தொப்பிப் பெண்மணி ஓடி வந்தார். எங்களுக்கு அடி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மோட்டாரில்தான் கோளாறு என்றார். அதே மோட்டார் வைத்திருந்த இரண்டு பேரை நிறுத்தச் சொன்னார். கம்பெனிக்கும் எழுதுகிறேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அனுதாபத்தோடு வீடு போய்ச் சேரலாம். மகள் என்னையே பார்த்தாள்.

"மோட்டார் மேல தப்பில்லை. நான் பொய் சொன்னேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவமானத்தில் அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அட்டையைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். பிறகு, இன்னும் ஒரு வருடத்துக்கு இங்கே உங்கள் கையெழுத்து செல்லாது என்றார். அதாவது, என் தப்புக்கு என் மகள் ஒரு வருடம் ராக்கெட் விட முடியாது. அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்: "அடுத்த வாட்டி டூல் நான் ஆர்டர் பண்றேன்மா."

கருவி சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்தது. ஓட்டை விழுந்த நாற்காலியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. கராஜுக்குள் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. நான் கிண்டல் செய்த விதியை என் பெண் அழுதுகொண்டேகூட விடவில்லை, அதனால்தான் அவள் இன்றைக்கு என்னோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.