கொரியாக்காரர் படத்துக்குப் போட்ட மாலை: தஞ்சோங் கிளிங் ஆலைக்கு ஒரு சனிக்கிழமை

மலாக்கா தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டையில் இருக்கிற கொரியாக்காரர்களின் தொலைக்காட்சி ஆலையை மூடப்போகிறார்கள். வேறொரு நாட்டில் ஆள் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதாம். மூடுவதற்கு முன் சனிக்கிழமைகளில் மட்டும் பழைய தொழிலாளிகள் வந்து கம்பெனி வரலாற்றுக் கண்காட்சியைப் பார்க்கலாம் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. பதினேழு வருடம் அங்கே ஸ்குரு முடுக்கியவள் நான். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. என்னைப் போல இன்னும் சில பேர் போக நினைப்பீர்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் வேறு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் இப்போது சிரம்பானில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலை ஏழரை பஸ், டிக்கெட் பதினோரு வெள்ளி. வலப்பக்கம் உட்காருங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தால் மலாக்கா போய்ச் சேர்வதற்குள் வெயில் உங்களை அப்பளமாகப் பொரித்துவிடும். ஒன்பது மணிக்கு மலாக்கா செண்ட்ரல் பஸ் நிலையத்தில் இறங்கினேன். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே டீ, ஐந்து வெள்ளி இருபது காசு. பசியாறிவிட்டே கிளம்புங்கள், ஆலையில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அங்கிருந்து காசிம் பாயின் கார். நாள் முழுக்க நூற்று முப்பது வெள்ளி என்று முன்னமே பேசியிருந்தேன். அறுபது வயதிருக்கும், நல்ல பேச்சுக்காரர். எங்கே போகிறோம் என்று கேட்டதுமே சிரித்தார்.

"அந்தக் கம்பெனி டிவியத்தானே பதினெட்டு வருசம் டவுனுல கட வச்சு வித்தேன்! நீங்க செஞ்சீங்க, நா வித்தேன், மொதலாளி தவுக்கே கொரியாவுல தின்னாரு."

"இப்ப கட இல்லையா பாய்?"

"கடைக்கு எதுத்தாப்புல அவனே பெருசா ஒரு கடையத் திறந்துட்டான்க்கா. அப்புறம் நா காடிதான் ஓட்டணும்."

முதலில் டுரியான் துங்கால் போனோம். செண்ட்ரலிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். அங்கே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் என் கூட்டாளி லெட்சுமி இருக்கிறாள். ஒரே தோட்டத்தில் பிறந்தோம், ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தோம், ஒரே ஆலை பஸ்ஸில் தூங்கி விழுந்தோம். பட்டுச்சேலை கட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னடி, பொண்ணு பாக்கவா வராங்க?" என்றேன்.

"ஒன் வாய்க்கு அந்த ஸ்குரு மிசின வச்சு ரெண்டு முடுக்கு முடுக்கணும்," என்றாள். காரில் ஏறியதும் குரல் தாழ்ந்தது. "சரோ, மூடுறதுக்குள்ள ஒரே ஒரு தடவ அந்த மனுசன் படத்துக்கு முன்னால நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். அது மனசுலயே கெடக்கு."

எந்த மன்னிப்பு என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அவளுக்கும் நான் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. டுரியான் துங்காலிலிருந்து ஆலை வரை இருபத்து மூன்று கிலோமீட்டர். அதற்குள் சொல்லிவிடுவது என்றுதான் சிரம்பானில் பஸ் ஏறியிருந்தேன்.

ஆலையில் ஆயுத பூசைக்கு அரை மணி நேரம் விடுவார்கள். ஒவ்வொரு லைனிலும் மிசினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். சுவரில் கம்பெனியை ஆரம்பித்த கிழவரின் படம் இருந்தது. இறந்துபோனவர் என்பதால் அவருக்கும் வருடா வருடம் மாலை போடுவோம். கொரியா மேனேஜர் அதை ரசிப்பார். ஒரு வருடம் பூசைக்கு ஒரு வாரம் முன்னால் கிழவர் படத்தை எடுத்துவிட்டு, முதலாளியான மகனின் படத்தை மாட்டினார்கள். அப்பனும் மகனும் ஒரே அச்சு. மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து அறிவித்தார். லெட்சுமி அந்த வாரம் லீவு.

பூசையன்று மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "பெரியவர் படத்த மாத்திட்டாங்களா? இதுவும் அவருதானே?"

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்: "அவருதான்டி. பாவம், செத்தும் ஒரு மால இல்லாம தொங்குறாரு, போடு." அவள் கையைத் தூக்கும்போது பிடித்து இழுத்து எல்லோரும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் போட்டுவிட்டாள். பொட்டும் வைத்து, நாலு ஊதுபத்தியும் ஏற்றிவிட்டாள். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் நம் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொரியாக்காரர்களும் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றுவது செத்தவர்களுக்குத்தானாம். கேமராவோடு உள்ளே வந்த மேனேஜரின் முகம் சுண்ணாம்பாய்ப் போனது.

யார் சொல்லிச் செய்தாய் என்று விசாரணையில் கேட்டார்கள். "நானாத்தான் செஞ்சேன்," என்றாள் லெட்சுமி. வெளியே வந்து என்னிடம், "நீயும் தெரியாமத்தானே சொன்ன? ரெண்டு பேரு ஏன் மாட்டணும்?" என்றாள். அந்த மாதம் அவளுக்கு லைன் லீடர் வேலை, லீடர் போடுகிற மஞ்சள் தொப்பி, எல்லாம் வருவதாக இருந்தது. பொட்டி அடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். ஒன்பது வருடம் பொட்டி தூக்கி இடுப்பு போனது. மூன்று மாதம் கழித்து மஞ்சள் தொப்பி எனக்கு வந்தது. 'சாவு மாலை லெட்சுமி' என்று ஆலை முழுக்க அவளைக் கூப்பிட்டார்களே, அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

காரில் வாயைத் திறந்தேன். வழியில் பாயா ரும்புட் சிவப்பு விளக்கில் மறுபடி திறந்தேன். இரண்டு முறையும் வெயிலைப் பற்றித்தான் பேச்சு வந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் ஆலை வந்துவிட்டது.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். கைப்பேசிக் கேமராமேல் ஒட்டுக் காகிதம் ஒட்டுவார்கள். பத்திலிருந்து நாலு மணி வரை, கட்டணம் இல்லை. ஒரு பெரிய கூடம்தான், ஒரு மணி நேரம் போதும்.

முதல் சுவரில் கிழவர். துறைமுகத்துப் பக்கம் சைக்கிள் டியூப் ஒட்டும் கடை வைத்திருந்தவர். பிறகு உடைந்த ரேடியோ வாங்கிச் சரிசெய்து விற்றார். பிறகு சொந்த ரேடியோ. ஊர்க்காரர்களுக்கு முதன்முதலில் விற்ற ரேடியோவாம், கண்ணாடிப் பெட்டியில் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சுவரில் மகன். மூத்தவனை ஒதுக்கிவிட்டு இரண்டாமவனுக்குச் சாவியைக் கொடுத்திருக்கிறார் கிழவர், மூத்தவனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. இந்த மகன் காலத்தில்தான் தொலைக்காட்சி, குளிர்பெட்டி, கப்பல், காப்புறுதி, ஆஸ்பத்திரி, அடுக்குமாடி எல்லாம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வைத்திருக்கும், அது வேறொன்றை வைத்திருக்கும், எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் இடுப்பில் ஒரே கொத்தாகத் தொங்கும். மலாக்காவுக்கு ஆலையைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

மூன்றாவது சுவரில் பேரன். கைப்பேசி, சில்லு, அதற்கு மேல் எனக்குப் புரியாத சாமான்கள். ஒரு படத்தில் எங்கள் லைனில் நிற்கிறார். 'மலாக்காவில் அடிமட்டத்திலிருந்து தொழில் கற்றபோது' என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம், மூன்று நாள் நின்றார். ஸ்குருவைக் கோணலாக முடுக்குவார், பின்னாலேயே நான் கழற்றி மாட்டுவேன். ஊருக்குத் திரும்பியதும் பெரிய பதவி. அதே இடத்தில் பதினேழு வருடம் அடிமட்டத்தில் கற்றவளுக்கு ஒரு படமும் இல்லை. காலையில் நிற்க வைத்துக் கொரிய மொழியில் பாட்டுப் பாட வைப்பார்கள். 'நாம் ஒரே குடும்பம்' என்று அர்த்தமாம். அந்தக் குடும்பத்தை மூன்று சுவரிலும் தேடினேன். மூன்று பேர்தான் இருந்தார்கள்.

மகனும் இப்போது இல்லை. படத்தின் மேல் கறுப்பு நாடா கட்டி, கீழே வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள். லெட்சுமி அதன் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப போடலாமாடி மால?" என்றாள். இருவரும் சிரித்தோம். கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

கூடத்தின் கோடியில் ஒரு பலகை. பழைய தொழிலாளிகள் அட்டையில் நினைவை எழுதிக் குத்திவிட்டுப் போகலாம். "எந்த பாசையிலயும் எழுதலாம் மக்சிக்," என்று, மலாயில் என்னை அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, அங்கிருந்த மலாய்ப் பெண் பேனாவை நீட்டினாள்.

"ஒன் எழுத்துதான் நல்லாருக்கும், எழுது," என்று லெட்சுமி நிமிர்ந்து நின்றாள். சாமி முன்னால் நிற்கிற மாதிரி. "ஐயா, தெரியாமச் செஞ்ச தப்பு. ஒங்க மேல மரியாததான். மன்னிச்சிருங்க. இப்படிக்கு லெட்சுமி. எழுதிட்டியா? இந்தா, ஒன் பேரையும் போட்ரு சரோ. நாம ரெண்டு பேருமே தெரியாமத்தானே செஞ்சோம். இனிமே யாரு வேலைய விட்டு நிறுத்தப் போறா?"

பேனா நின்றுவிட்டது. 'தெரியாம' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை.

"எனக்குத் தெரியும் லெட்சு."

"என்ன தெரியும்?"

"அது மகன் படம்னு. தெரிஞ்சுதான் ஒன்ன போடச் சொன்னேன். வெளையாட்டுக்கு."

என் முகத்தையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"விசாரணையில என்னய உள்ள ஒக்கார வச்சிருந்தாங்களே, அப்ப நீ வாசல்லதானே நின்ன?"

"ஆமா."

"மூனு மாசம் கழிச்சு மஞ்சத் தொப்பிய மாட்டிக்கிட்டியே, அதுவும் வெளையாட்டா?"

அவள் அந்த அட்டையை வாங்கி நாலாகக் கிழித்தாள். புது அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"இப்ப சொன்னத எழுது. ஒன் பேரு போட்டு எழுது."

எழுதினேன். நடந்தது அத்தனையும், அந்தப் பட்டப்பெயர் வரை. மலாய்ப் பெண் வாங்கிப் பார்த்து, "அழகா இருக்கு மக்சிக், இது தமிழா?" என்று சிரித்துக்கொண்டே குத்தி வைத்தாள். லெட்சுமி பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எங்களுடையதைத் தவிர வேறு தமிழ் அட்டை இல்லை.

"இங்க யாருடி இத படிக்கப் போறா?" என்றாள். அன்றைக்கு என்னிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி.

வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுக்கிறார்கள். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் திணித்தார்கள். மஞ்சள் தொப்பி. லீடரோ பொட்டி தூக்கியவளோ, எல்லோருக்கும் உண்டு.

கடலோரச் சாலையில் சுட்ட மீன் சாப்பிடுவதாகத் திட்டம். சாப்பிடவில்லை. லெட்சுமி முன் இருக்கையில் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு வானொலியைப் போட்டார். பாயா ரும்புட் வந்ததும், "இங்கயே நிறுத்துங்க பாய், என் மக வீடு இருக்கு," என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன். தொப்பியை என் மடியில் போட்டாள்.

"இதயும் நீயே வச்சுக்க."

பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். கண்காட்சி இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வரைதான். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுகிறார்கள். செண்ட்ரலிலிருந்து நேராகப் போனால் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். என்னைப் போலச் சுற்றவேண்டியதில்லை. கூட ஒருவரை அழைத்துப் போவதானால், சொல்லவேண்டியதை வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இருபத்து மூன்று கிலோமீட்டர் அதற்குப் போதாது.

கோடியில் இருக்கிற பலகையில் மேலிருந்து மூன்றாவது வரிசை, பச்சை ஊசி குத்திய அட்டை. நீங்கள் தமிழ் படிப்பவர்கள்தானே? அங்கே போனால் அதைக் கொஞ்சம் சத்தமாகப் படித்துவிட்டு வாருங்கள். யாரு படிக்கப் போறா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.