ஏகமனதாக

என் சித்தப்பாவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வாழைத்தார் மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். ஜீயபுரத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய தார்களுக்கு நடுவே நின்று அவர் விலை சொல்ல ஆரம்பித்தால், வியாபாரிகள் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஏலம் கேட்கலாம் என்று அப்பா கேலி செய்வார். காட்டூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் சித்தப்பா இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மண்டியை விட்டால் மைதானம், மைதானத்தை விட்டால் மண்டி.

எங்கள் கால்பந்துக் கழகம் அப்படியொன்றும் பெரியதில்லை. இருந்தாலும் அதன் ஆட்டம் என்றால் கிழக்குக் கேலரி நிறைந்துவிடும். கேலரி என்பது சவுக்குக் கம்புகளை நட்டு, கயிற்றால் கட்டி, மேலே பலகைகளைப் படிப்படியாக அடுக்கியது. வருஷா வருஷம் போட்டிக் காலத்துக்கு மட்டும் எழுப்புவார்கள். அதன் கீழ்ப்படியில் டிரம் மாமா உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு உறவில்லை, சித்தப்பாவின் சிநேகிதர். சித்தப்பா ஒரு குரல் கொடுப்பார், டிரம் மாமா இரண்டு அடி அடிப்பார், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் என் அண்ணன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கழகத்துக்குப் புதிதாக வந்த புரவலருக்குப் பிடிக்கும் என்று எங்கள் மஞ்சள் ஜெர்ஸியை நீலமாக்கிவிட்டார்கள். பையன்கள் நீலத்தில் இறங்கியதைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்து நின்று, "மஞ்சள் எங்கடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். டிரம் மாமா இரண்டு அடி அடித்தார். அதன் பிறகு கேலரி முழுக்க அதே கேள்விதான். நடுவர் ஊதிய விசில் அவருக்கே கேட்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். அடுத்த ஆட்டத்துக்கு மஞ்சள் திரும்பி வந்தது. கழகத்தை நடத்துவதே சித்தப்பாதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருஷம் கழகத்தின் செயலாளரே காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரசிகர்களின் குரல் நிர்வாகத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும், அதற்காக ஐந்து பேர் கொண்ட ரசிகர் குழு ஒன்று அமைக்கிறோம், முதல் பெயர் உங்களுடையதுதான் என்றார். வார்த்தைக்கு வார்த்தை "சார்" போட்டார். மண்டியில் விடிந்ததிலிருந்து "யோவ்" என்று கூப்பிடப்பட்ட மனிதருக்கு அந்த "சார்" என்ன செய்திருக்கும் என்று இப்போது புரிகிறது. சட்டையில் குத்திக்கொள்ள வட்டமாக ஒரு பேட்ஜ் தந்தார். விருந்தினர் உட்காரும் ஷாமியானாவில் ஒரு நாற்காலியும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: குழு உறுப்பினர் மைதானத்தில் கத்தக் கூடாது, குறை இருந்தால் கூட்டத்தில் சொல்ல வேண்டும். குரல் கொடுக்கக் குழு அமைத்தவர்கள் முதல் வேலையாகக் குரலை வாங்கிக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஷாமியானாவில் உறுப்பினரோடு ஒரு குழந்தை உட்காரலாம். எனக்கு ஒரே பெருமை. அண்ணன் வர மறுத்துவிட்டான். "நாற்காலியில உக்காந்து மேட்ச் பாக்க நான் என்ன மாப்பிள்ளை வீட்டுக்காரனா?" என்று சொல்லிவிட்டு டிரம் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் குழுக் கூட்டம் நடந்தது. சித்தப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடந்து நானும் போயிருந்தேன். போண்டா கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா எழுந்து நின்று, மண்டியில் ஒருநாளும் காட்டாத பணிவான குரலில் பேசினார்.

"கிழக்குக் கேலரியில கம்பெல்லாம் அடியில செல்லரிச்சுக் கிடக்குங்க. கயிறு போன வருஷத்துக் கயிறு, மழையில நனைஞ்சு இத்துப்போச்சு. நான் தினமும் கயித்தோட கிடக்கிறவன், எனக்குத் தெரியும். அவுத்துட்டுப் புதுசா கட்டணுங்க."

"ரொம்ப முக்கியமான விஷயம் சார்" என்றார் செயலாளர். பக்கத்தில் இருந்தவரிடம், "இதை அப்படியே எழுதிக்கங்க" என்றார். அவரும் எழுதினார். பிறகு பேச்சு மாலை, மேடை, பரிசுக் கோப்பை என்று போயிற்று. டீ வந்த நேரத்தில் தீர்மான நோட்டும் சுற்றுக்கு வந்தது. சித்தப்பா எட்டாவது வரை படித்தவர். தான் சொன்னது வரும் வரியைத் தேடிப் பிடித்து விரலை வைத்துப் படித்தார், முகம் மலர்ந்தது, கடைசியில் கையெழுத்துப் போட்டார். டீ ஆறிவிடக் கூடாதே என்ற அவசரமும் இருந்தது. கிளம்பும்போது ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சத்தமாகப் படிக்கும் வேலை எனக்கு. "கிழக்குக் கேலரியின் கட்டுகள் குறித்து ரசிகர் குழு உறுப்பினர் தெரிவித்த கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி. "இறுதி ஆட்டத்துக்கான ஏற்பாடுகள் அனைத்தையும் ரசிகர் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது" என்று கடைசி வரி. அந்த ஏகமனதாக என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அர்த்தம் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே மனசு என்று அர்த்தம் என்றார் சித்தப்பா.

அப்பா மட்டும், "பதிவு பண்ணாங்க, சரி. கயித்தை மாத்துறாங்களா?" என்று கேட்டார்.

"எழுத்துல வந்துடுச்சுண்ணே. எழுத்துல வந்துட்டா செஞ்சுதானே ஆகணும்?" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தார்.

இறுதி ஆட்டத்தன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். கேலரியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். எனக்கு அது தேர் மாதிரி தெரிந்தது. சித்தப்பா குனிந்து துணியை விலக்கிப் பார்த்தார். உள்ளே அதே கம்பு, அதே கயிறு. நேராகச் செயலாளரிடம் போனார். "சொல்லியிருக்கேன் சார், பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க உக்காருங்க, கெஸ்ட் வந்துட்டாங்க" என்றார் அவர். சித்தப்பா உட்கார்ந்தார்.

கேலரி நிறைய ஆரம்பித்தது. அங்கிருந்து யாரோ, "அண்ணே, ஒரு குரல் குடுங்கண்ணே!" என்று கத்தினார்கள். டிரம் மாமா இரண்டு அடி அடித்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். சித்தப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், கையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"கத்துங்க சித்தப்பா" என்றேன். அவர் குரல் கேட்காத ஆட்டம் எனக்குச் சப்பென்று இருந்தது, அவ்வளவுதான்.

"கூட்டத்துல சொல்லியாச்சும்மா. இங்க கத்தினா மரியாதையா இருக்காது" என்றார்.

அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எல்லாரும் கீழ எறங்குங்க" என்று மண்டிக் குரலில் ஒரே ஒரு தடவை. மொத்தக் கேலரியும் இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கும். ஒரு சட்டையின் நிறத்துக்காக ஆட்டத்தையே நிறுத்தியவர்கள்தானே அவர்கள்.

இரண்டாம் பாதியில் நாங்கள் கோல் போட்டோம். கேலரி முழுவதும் துள்ளிக் குதித்தது. முதலில் ஒரு ஓரம், யாரோ முழங்கால் மடங்கி உட்காருவது போல மெதுவாக இறங்கியது. அதன் பிறகு எல்லாம் ஒரே சரிவாகச் சரிந்தது. பலகை முறியும் சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அப்போதுதான் சித்தப்பாவின் குரல் வந்தது. என் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் ஓடினார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

அண்ணனின் வலது முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. டிரம் மாமா கீழ்ப்படியில் இருந்தார். மேலே இருந்தவர்கள் எல்லோரும் அவர் மேல்தான் விழுந்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கழகம் ஒரு அறிக்கை விட்டது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டு, ஏற்பாடுகள் யாவும் ரசிகர்களின் பிரதிநிதிகளோடு கலந்து பேசி முடிவு செய்யப்பட்டவை என்று அதில் இருந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்து டிரம் மாமாவின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. "நீங்கதானே அண்ணே கமிட்டி? உங்களுக்குத் தெரியாமலா கட்டினாங்க?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் சொன்னேன் என்று சித்தப்பா ஏன் சொல்லமாட்டேன் என்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்தார். நானும் பின்னாலேயே போனேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். இந்தத் தடவை கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு தாளை மடித்து அலமாரியின் அடித்தட்டில், பழைய வேட்டிகளுக்குக் கீழே வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் விசாரணைக்காக இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள். சித்தப்பா கூடத்தில் நின்றுகொண்டே, கயிறு இத்துப்போனதைக் கூட்டத்தில் சொன்னதாகச் சொன்னார்.

"எழுத்துமூலமா ஏதாவது இருக்கா? கழகத்துல நோட்டைத் தேடிக்கிட்டு இருக்கோம்னு சொல்றாங்க" என்றார் ஒருவர்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "ஒரு ஜெராக்ஸ் இருந்துச்சுங்க. எங்க வச்சேன்னு ஞாபகம் இல்லைங்க" என்றார்.

பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். வேட்டிகளை இழுத்துப் போட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதிகாரியிடம் கொடுப்பதற்கு முன்னால் நானே படித்தேன், சித்தப்பா ஏலம் விடுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி. கருத்து பதிவு செய்யப்பட்டது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். "கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க" என்றார் சித்தப்பா.

அதிகாரி தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா என் தலையில் கை வைத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். அங்கே அண்ணன் இடுப்புவரை மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"யாருடி வந்திருக்கா?" என்றான்.

"விசாரிக்க வந்திருக்காங்க. சித்தப்பா பேப்பரை வச்ச எடத்தை மறந்துட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். சத்தமா படிச்சும் காமிச்சேன். இனிமே அவரை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை" என்றேன். "சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரலை."