மதினியின் கைச்சீட்டு டிவியில் ஓடியது

"சீட்டாட்டத்தை எவன் உக்காந்து பாப்பான்? நம்ம ஊருக்கு ஹாக்கி போதும்," என்றார் என் கணவர் இன்று மத்தியானம்.

"கையில என்ன சீட்டு இருக்குன்னு காட்டுனா பாப்பாங்க மாப்ள," என்றான் அண்ணன்.

சொன்னதோடு நிற்கவில்லை. நானும் மதினியும் பக்கத்து வீட்டு அக்காவும் கழுதைச் சீட்டு ஆட உட்கார்ந்ததும், மதினியின் தோளுக்குப் பின்னால் போனை நிறுத்தி, உள்ளறை டிவியில் ஓடவிட்டான்.

இதயப் படம் போட்ட ஆர்ட்டின் இறங்கும்போதெல்லாம், "எங்கிட்ட ஆர்ட்டின் இல்ல ஏட்டி," என்று வேறு சீட்டைப் போட்டு மதினி வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டுப்பட்ட மொத்தச் சீட்டையும் நான் அள்ளிக்கொண்டே இருந்தேன். அள்ளும்போதெல்லாம் உள்ளே ஒரே சிரிப்பு.

நடுவில் எழுந்து போய், ஆட்டம் கெடும் என்று டிவி பக்கம் திரும்பாமலே, அவர்களுக்குக் காபி வேறு கொடுத்தேன். "நீ நல்லாத்தான் ஆடுத," என்றார் கணவர், டம்ளரை வாங்கிக்கொண்டே.

கடைசியில் கையில் சீட்டோடு மிஞ்சிய கழுதை நான்தான்.

சாயங்காலம் அந்த வீடியோவைப் பார்த்தேன். மதினி இல்லை என்ற ஒவ்வொரு தடவையும் கையில் ஆர்ட்டின் இருக்கிறது. ஒரு தடவை போன் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைக்கிறார்.

மதினி ஆட்டத்தில் அப்படித்தான், போகட்டும். ஆனால் உள்ளறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என் மகள் உட்பட.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"சொல்லிருந்தா அப்புறம் என்னத்தப் பாக்க?"

சீட்டாட்டத்துக்குக் கூட்டம் சேரும் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை.

நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பேன் என்பவர்கள் மட்டும் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன்.