அத்தான் தூக்கிய கை

என் அக்கா புருஷன் ஒன்பது வருஷம் நகரசபை உறுப்பினராக இருந்தார். அந்த ஒன்பது வருஷத்தில் அவர் சபையில் எழுந்து பேசியது ஒரே ஒரு முறை. அந்தப் பேச்சோடு பதவியும் போய்விட்டது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அக்கா சொல்ல ஆரம்பித்தால் அது திட்டாக முடியும். அத்தானோ சொல்லவே ஆரம்பிக்க மாட்டார்.

அத்தானுடைய தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று எரிந்துபோன எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, ஓட வைத்துக் கொடுத்துவிடுவார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். இவர் எப்படித் தேர்தலில் ஜெயித்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உண்மையில் அவர் ஜெயிக்கவில்லை, மிச்சமானார். மருந்துக் கடைக்காரரும் லாரி முதலாளியும் எதிரெதிராக நின்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துக் கடைக்காரர் அத்தானையும் ஒரு மனு போட்டு வைக்கச் சொன்னார். அவர் மனுவில் இவர் குற்றம் கண்டுபிடித்தார், இவர் மனுவில் அவர் குற்றம் கண்டுபிடித்தார், இரண்டும் தள்ளுபடியாயின. ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அத்தானிடம் வந்து, நீங்கள்தான் உறுப்பினர் என்றார்கள். அடுத்த முறை அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. இவரால் நல்லதும் இல்லை, கெடுதலும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சபையில் ஓட்டெடுப்பு கை தூக்கித்தான். அத்தானுக்குக் கடைசி வரிசை. அவருக்கு முன்னால் டயர் கடைக்காரர் உட்காருவார். பீரோ மாதிரி முதுகு, அதற்கு அப்பால் சபையில் என்ன நடக்கிறது என்று அத்தானுக்குத் தெரியாது. அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். டயர் கடைக்காரர் கை ஏறினால் இவர் கையும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

"எதுக்கு ஓட்டுப் போட்டோம்னாவது தெரியுமா அத்தான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டயர்க்காரருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

விசாரித்தால், டயர் கடைக்காரர் தனக்கு முன்னால் இருக்கும் ஓட்டல்காரர் கையைப் பார்ப்பாராம். ஓட்டல்காரர் தலைவர் முகத்தைப் பார்ப்பாராம். தலைவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் அம்மாவைப் பார்ப்பாராம். அந்த அம்மாவுக்கு ஓட்டே கிடையாது.

இனி அக்கா. வீட்டு முன்னறையில் அவள் கடை வைத்திருந்தாள். பொத்தான், நூல், ஜிப், ஊக்கு, லேஸ். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். தெருவில் யார் சட்டையில் பொத்தான் விழுந்தாலும் அக்காவிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் பொத்தானோடு நாலு வார்த்தை திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். சட்டையை ஏன் அப்படிப் பிடித்து இழுக்கிறாய், மனுஷன்தானே போடுகிறாய் என்பாள். கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். ஆனாலும் அடுத்த வாரம் பொத்தான் விழாமலேயே வந்து நிற்பவர்கள் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சபையில் பட்ஜெட் கூட்டம். காலை முழுவதும் ஒரே பேச்சு: சபைக்குப் புது நாற்காலி வாங்குவதா, வாங்கினால் சுழலுவதா, சுழலாததா. சுழலும் நாற்காலி என்றால் உறுப்பினர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒருவர். முதுகைக் காட்டினால்தான் தூங்குவது தெரியாது என்று இன்னொருவர். நாற்காலி மேல் உட்கார்ந்து நாற்காலியைப் பற்றியே பேசித் தொண்டை வறண்டுபோய், எல்லோரும் தண்ணீர் குடித்த இடைவெளியில் ஊர் முழுவதற்குமான சாக்கடைத் திட்டம் நிறைவேறியது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படி எதிர்ப்பது?

சாப்பாட்டுக்குப் பிறகு அரைத் தூக்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சில தெருக்களை வசிப்பிடப் பகுதியாக மாற்றுவது, அங்கே வீட்டோடு சேர்ந்த கடைகளையெல்லாம் மாதக் கடைசிக்குள் மூடுவது. கடை வைக்க வேண்டுமானால் பெரிய ரோட்டில் வைத்துக்கொள்ளலாம். தலைவருக்குப் பெரிய ரோட்டில் புதுக் கட்டடம் ஒன்று காலியாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு டீச்சர் உறுப்பினர் காரசாரமாக எதிர்த்தார். பிறகு ஓட்டெடுப்பு. அந்த நேரம் பார்த்து டயர் கடைக்காரருக்கு வியர்த்தது. ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வையுங்கள் என்று சொல்லக் கையைத் தூக்கினார். பின்னால் அத்தான் கையும் ஏறியது. பதினொன்றுக்குப் பத்து, தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் அறிவித்துவிட்டார். ஃபேன் மட்டும் அப்படியேதான் சுற்றியது.

அன்று சாயங்காலம் அத்தான் நல்ல சந்தோஷத்தோடு வந்தார். அக்கா கடையில் ஜிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களோடு இருக்கும் நான் பக்கத்தில் லேஸ் அளந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. நம்ம தெரு இனிமே அமைதியா இருக்கும். கடை கண்ணி எதுவும் கிடையாது."

"எந்தத் தெரு?" என்றாள் அக்கா.

"நம்ம தெருதான்."

"எந்தக் கடை கிடையாது?"

"எந்தக் கடையும் கிடையாது."

ஜிப் வாங்க வந்தவர் மெல்ல நழுவி வெளியே போனார். அக்கா கடையைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "அப்போ இது?"

அத்தான் இழுப்பறைகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"இதுவா? இது நம்ம முன்னறை இல்ல?"

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். எல்லாம் என் வழியாகத்தான். "உங்க அத்தானுக்குச் சோறு வெச்சிருக்குன்னு சொல்லு" என்பாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "சோறு வெச்சிருக்காம் அத்தான்" என்பேன். "சாப்பிட்டுக்கிறேன்னு சொல்லு" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி ஆகிவிட்டேன். அவர் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதற்கு எனக்கு எதற்குத் தண்டனை?

நாலாம் நாள் கடைக் கதவில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். அக்கா என்னை இழுத்துக்கொண்டு செயலாளர் அம்மாவைப் பார்க்கப் போனாள். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, நிறைவேறிய தீர்மானத்தை ஒரு வருஷத்துக்குத் தொட முடியாது என்றார்.

"ஒரு வருஷம் கழிச்சு நான் எங்க இருப்பேன்?" என்றாள் அக்கா. "அந்தக் கடைக்குள்ள இருந்தாத்தான் நான் நானா இருக்கேன், மேடம். மத்த நேரமெல்லாம் நான் இன்னாரோட சம்சாரம்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. செயலாளர் அம்மா இப்போதுதான் நிமிர்ந்தார்.

"சபையில தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் இருக்கார். அவரும்தான் ஓட்டுப் போட்டார்."

"எதிர்த்தா?"

"ஆதரிச்சு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். தன் குடும்பத்துக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தில் உறுப்பினர் ஓட்டே போடக் கூடாதாம். லாபத்துக்குப் போட்டாரா நஷ்டத்துக்குப் போட்டாரா என்று விதி பார்ப்பதில்லையாம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர் இருப்பார் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்த ஓட்டு செல்லாது என்றால் பத்துக்குப் பத்து, தீர்மானம் விழுந்துவிடும்.

"ஆனா புகார் கொடுத்தா விசாரணை வருஷக்கணக்கா இழுக்கும். அவரே சபையில எழுந்து சொன்னா அந்த நிமிஷமே முடிஞ்சிடும்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அவர் பதவியும் அந்த நிமிஷமே போயிடும்" என்றார்.

வரும் வழியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் அவர்கிட்ட கேட்க மாட்டேன். நீ வேணும்னா விதியை மட்டும் சொல்லு."

பட்டறைக்குப் போனேன். அத்தான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். விதியை மட்டும் சொன்னேன். அவர் கை நின்றது. எத்தனை சுற்று சுற்றினோம் என்பது விட்டுப்போய், சுற்றியதையெல்லாம் அவிழ்த்தார்.

"உங்க அக்கா கேட்கச் சொன்னாளா?"

"கேட்க மாட்டேன்னு சொன்னா."

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அத்தான். "கேட்டா முடியாதுன்னு சொல்லலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் அவரை எல்லோரும் "ஏம்ப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். சபை வாசலில் மட்டும் காவலாளி எழுந்து நின்று "வாங்க சார்" என்பார். அந்த ஒரு சாருக்காக அவர் மழையானாலும் வெயிலானாலும் ஒரு கூட்டம் தவறியதில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின கூட்டத்துக்கு அக்காவும் நானும் போய் மேலே பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்தோம். எங்களைத் தவிர அங்கே ஒரு பூனை மட்டும் இருந்தது. கீழே நாய்களுக்கு லைசென்ஸ் கட்டணம் பற்றிப் பேச்சு. அது முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே கோப்பை மூடினார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அத்தான் எழுந்து நின்றார். டயர் கடைக்காரர் திரும்பி, ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"ஃபேன் ஏதும் ரிப்பேரா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. அன்னிக்கு நான் போட்ட ஓட்டு செல்லாதுங்க. அந்தத் தெருவில என் வீட்டுக்காரிக்கு ஒரு கடை இருக்கு."

கடை லைசென்ஸ் அக்கா பெயரில் இருந்ததால், செயலாளர் அம்மாவைத் தவிர சபையில் யாருக்கும் அது வரை இது தெரியாது. தலைவர் செயலாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா விதியை வாசித்தார். தலைவர் கணக்குப் போடுவது மேலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது. பிறகு அவர் குரல் தேனாக மாறியது.

"உட்காருங்க. அவசரப்படாதீங்க. வீட்டுல பொழுது போக நாலு பொத்தான் வெச்சிருப்பாங்க. அதையெல்லாம் கடைன்னு சொல்ல முடியுமா? கடை இல்லன்னு சொல்லிட்டா உங்க ஓட்டும் செல்லும், பதவியும் இருக்கும்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. அத்தான் நாற்காலிக் கையைப் பிடித்தார். இவர் இப்போது உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"கடைதாங்க" என்றார் அத்தான். "நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே திறந்திருப்பா. என் பட்டறை ஒரு மழைக்காலம் பூரா மூடிக் கிடந்துச்சு, அப்போ அந்தக் கடையாலதான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. அதுக்குப் பேர் கடை இல்லாம வேற என்னங்க? நான்தான் அப்படி நினைக்கல. நினைச்சிருந்தா கையைத் தூக்கியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் அப்படியே நின்றார். டயர் கடைக்காரருக்கு வீரம் வந்துவிட்டது. அவரும் எழுந்து, "நான்கூட அன்னிக்கு ஃபேனுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க உட்காருங்க" என்றார் தலைவர். "ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும்."

தீர்மானம் விழுந்தது. அத்தான் பதவியும் விழுந்தது. செயலாளர் அம்மா ஒரு காகிதத்தை நீட்ட, அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். நாங்கள் மாடிப்படி இறங்கி நடையில் அவரைப் பிடித்தோம். அக்கா என்னை நடுவில் நிறுத்தவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றார் அத்தான். "நிறைய இருக்கு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பேசும்போது காலெல்லாம் நடுங்குச்சே. மேலேர்ந்தே தெரிஞ்சுது. சபையைப் பார்த்து அவ்வளவு பயமா?"

"சபைக்கு என்ன பயம்? அங்க யார் எதைக் கேட்கிறாங்க?" என்றார் அத்தான். "நீ கேட்டுட்டு இருந்த."