யோஹானின் ஃபில்டர்

ஸ்வீடனில் காலை ஒன்பதரை மணிக்கு ஃபிகா என்று ஒன்று உண்டு. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் காப்பியும் பன்னுமாக ஒரே மேசையில் உட்கார வேண்டும். "இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் யாரையும் வற்புறுத்த மாட்டார்கள். வேண்டுமென்றால் கையை நீட்ட வேண்டியதுதான். முதல் மாதம் முழுக்க, யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்து பன்னைத் தொடாமலே எழுந்து வந்தேன். எனக்குப் பன் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் செய்வது மைக்ரோவேவ் ஃபில்டர். குவாண்டம் கணினிக்குள் க்யூபிட் என்ற மீக்கடத்திச் சுற்று இருக்கும். அதிலுள்ள விடையைச் சட்டென்று படிக்க வேண்டும். படிக்கும் வழியை அகலமாகத் திறந்தாலோ, அதே வழியாக க்யூபிட்டின் ஆற்றல் கசிந்து, படிப்பதற்குள் விடை அழிந்துவிடும். படிக்கும் அலையைப் போகவிட்டு, க்யூபிட்டின் அலையை மட்டும் தடுக்கும் காவல்தான் ஃபில்டர். எட்டு மாதம் மல்லுக்கட்டி அதை வடிவமைத்தது நான். அதைக் குளிரவைத்து அளந்து பார்த்தது பக்கத்து மேசை யோஹான்.

பார்வையாளர்கள் வந்த அன்று பேராசிரியர் என் வரைபடத்தைத் திரையில் காட்டி, "யோஹானின் ஃபில்டர்" என்றார். ஆய்வுக் கட்டுரையிலும் முதல் பெயர் அவனுடையது. என் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. அடுத்த வேலை அந்த முதல் பெயரைத்தான் நம்பியிருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஊர் சூலூர். எங்கள் பக்கம் தான் செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது அசிங்கம், பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். பள்ளியில் நான் பரிசு வாங்கிய சேதியே பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கையில் யோஹானின் முகத்தைப் பார்த்தேன். அவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டதற்கு, "நீ ஒன்றும் சொல்லவில்லையே, உனக்குச் சம்மதம் என்று நினைத்தேன்" என்றான். அவன் முகத்தில் துளி குற்ற உணர்வு இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. நேரே பேராசிரியரிடம் போய், வடிவமைத்தது நான், முதல் பெயர் எனக்கு வேண்டும் என்றேன். அவர் கோப்புகளைத் திறந்து பார்த்தார், பெயரை மாற்றினார், முன்பே சொல்லியிருக்கலாமே என்று சிரித்தார். இரண்டே நிமிடம். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்றால், இரவு பகலாக வரைந்த கைக்கு என்ன மரியாதை?

அந்தச் சூடு ஆறாமலே விடுமுறைக்கு ஊர் வந்தேன். அப்பாவின் மோட்டார் பட்டறைக்குப் பல்லடத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்திருந்தார்.

"ஏனுங்க, அம்மணி அங்க என்ன வேலைங்க?"

"ஏதோ ஆராய்ச்சிக் கூடத்துலீங்க. கூடமாட ஒத்தாசையா இருக்குது" என்றார் அப்பா.

கூடமாட ஒத்தாசை! யோஹான்கூட அப்படிச் சொல்லவில்லை. "ஒத்தாசை இல்லீங்க, நானே டிசைன் பண்ணுனதுங்க" என்றேன். தறிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தறிக்காரர் வண்டியை எடுக்க வெளியே போனதும் அப்பா மெல்லக் கேட்டார்.

"நம்ம வேலைய நாமளே பீத்திக்கலாமா கண்ணு?"

"பின்ன ஆருங்கப்பா சொல்லுவாங்க?"

அப்பா டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைத்தார். எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் தறிக்காரரின் வண்டி தெருமுனை தாண்டும்வரை, அப்பா ஓடிப்போய் அவரை நிறுத்தி என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நின்றுகொண்டே இருந்தேன்.